சுருள் அண்டங்களின் காந்தத்தை அளந்த அறிஞர் சந்திரசேகர்

விண்ணின் இயல்பை ஆராய்ந்த பேரறிஞர் வரிசையிலே, தமிழ்க் குடியிற் பிறந்து உலகப் புகழ் எய்திய சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களுக்கு உயர்ந்ததோர் இடம் உண்டு. வெண்குறுமீன்களின் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என அவர் கண்டதும், 1983ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றதும் பாடசாலை மாணவரும் அறிந்த செய்திகள். ஆயின் அவரது நெடுங்கால உழைப்பிலே அத்துணை பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெளியிற் பரந்து கிடக்கும் மெல்லிய காந்தப்புலம் எவ்வளவு வலியது, சுழன்றுகொண்டிருக்கும் அண்டங்களின் இயக்கத்தில் அதற்குள்ள பங்கு யாது என்னும் ஆராய்ச்சியே அது. அன்னாரின் வாழ்க்கையைக் கூறப்புகும் நாம் இப்பகுதியையே சற்று விரித்துரைக்க விழைகின்றோம். அவரது உள்ளப்பாங்கு தெளிவாக விளங்குமிடம் அதுவே என்பது எமது துணிபு.

பிறப்பும் கல்வியும்

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 19ஆந் திகதி லாகூர் நகரிற் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதப் பகுதியிலே கணக்காய்வு உத்தியோகத்தில் உயர்பதவி வகித்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் கல்வியிற் பெருவிருப்புள்ளவர். நோர்வே நாட்டு ஆசிரியர் இப்சன் எழுதிய புகழ்பெற்ற பொம்மை வீட்டு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிள்ளைகள் பதின்மருள் சந்திரசேகர் மூன்றாமவர், ஆண்மக்களில் மூத்தவர். ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் அவருக்குச் சிறிய தந்தையார்.

பன்னிரண்டு வயது வரை அவர் வீட்டிலேயே பாடங்கற்றார். பின்பு 1922 முதல் 1925 வரை சென்னை, திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலும், அதன்பின் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1928ஆம் ஆண்டில் ஜேர்மன் நாட்டுப் பேராசிரியர் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்தார். அவரது அணுநூலை முன்னரே கற்றிருந்த மாணவர் சந்திரசேகர் அவரை நேரிற் சென்று கண்டார். தாம் கற்ற பௌதிகம் அண்மைக் காலத்திலே அடியோடு மாறிவிட்டது என்பதை அச்சந்திப்பில் அறிந்த அவர், மனந்தளராது புதிய கொள்கையைத் தாமே கற்றுத் தேர்ந்தார். மறு ஆண்டிலேயே அவரது ஆய்வுக் கட்டுரை இலண்டன் அரச கழகத்தின் வெளியீட்டில் அச்சேறியது. அப்பொழுது அவருக்குப் பத்தொன்பது வயதும் நிரம்பவில்லை.

மேற்படிப்புக்கு அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தபோது தாயார் கடும் நோயுற்றிருந்தார். போவதா, நிற்பதா எனத் தயங்கிய மகனைத் தாயாரே தேற்றி அனுப்பிவைத்தார். 1930ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் பம்பாயிலிருந்து கப்பல் புறப்பட்டது. தாயார் அடுத்த ஆண்டு மே மாதத்தில் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவில்லை.

அக்கப்பற் பயணத்திலேதான் அவரது பெயரை நிலைநிறுத்திய கணக்கு உருவாயிற்று. எரிபொருள் தீர்ந்து சுருங்கும் விண்மீன் வெண்குறுமீனாக நிலைபெறுவதற்கு அதன் நிறைக்கு ஓர் எல்லை உண்டு என்பது அக்கணக்கின் முடிவு. அவ்வெல்லை சூரியனின் நிறையைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதனைக் கடந்த விண்மீன் மேலும் சுருங்கிக்கொண்டே போகும்.

மறுக்கப்பட்ட முடிவு

கேம்பிறிட்ஜில் 1933இல் கலாநிதிப் பட்டமும், திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வாளர் பதவியும் பெற்ற சந்திரசேகர், 1935ஆம் ஆண்டு சனவரி 11ஆந் திகதி இலண்டன் அரச வானியற் கழகக் கூட்டத்தில் இம்முடிவை எடுத்துரைத்தார். அவரை அடுத்துப் பேசியவர் அக்காலத்து வானியலாரின் தலைவராக மதிக்கப்பட்ட சர் ஆதர் எடிங்ரன். இம்முடிவு இயற்கைக்கு ஒவ்வாதது என்று அவர் நகைச்சுவையாகப் பேசி மறுத்தார். சபையினர் சிரித்தனர். பௌதிக விஞ்ஞானிகளிற் சிலர் சந்திரசேகரின் கணக்கே சரியென்று தனிப்பட ஒப்புக்கொண்டனர். எனினும் வெளிப்படையாக அதனைச் சொல்ல எவரும் முன்வரவில்லை.

இருபத்துநான்கு வயது இளைஞர் ஒருவருக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் வேறென்ன வேண்டும்? ஆயின் அவர் சச்சரவை வளர்க்கவில்லை. தம் முடிவுகளை எல்லாம் ஒழுங்குபடுத்தி 1939இல் விண்மீன்களின் அமைப்புப் பற்றிய நூலாக வெளியிட்டார். பின்பு வேறு துறைக்குத் திரும்பினார். எடிங்ரனோடு கொண்ட நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. 1944இல் எடிங்ரன் மறைந்தபோது அவரைப் பெரிதும் புகழ்ந்து அஞ்சலி செலுத்தினார். ஒரு துறையைப் பல ஆண்டுகள் முற்றாகக் கற்று, ஆராய்ந்து, ஒரு பெருநூலாக முடித்துவிட்டு அடுத்த துறைக்குச் செல்வது அவரது வாழ்நாள் வழக்கமாயிற்று.

யேர்க்ஸ் வான் ஆய்வகம்

1936ஆம் ஆண்டு செப்ரெம்பரில் சென்னைக்கு வந்து, தம்முடன் மாநிலக் கல்லூரியிற் பௌதிகம் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். 1937 சனவரியில் அமெரிக்காவிலே சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யேர்க்ஸ் வான் ஆய்வகத்தில் ஆசிரியரானார். அவரது நிறத்தைக் காரணங்காட்டி, பல்கலைக்கழக வளவிலே விரிவுரை நிகழ்த்துவதைத் தடுக்க முயன்றாரும் இருந்தனர். பல்கலைக்கழகத் தலைவர் ஹச்சின்ஸ் அத்தடையை நீக்கினார். அப்பல்கலைக்கழகத்தைச் சந்திரசேகர் தம் வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

அங்கே அவர் எடுத்துக்கொண்ட முதற்பொருள் விண்மீன் கூட்டங்களின் இயக்கம். சூரியனும் பத்தாயிரங்கோடிக்கு மேற்பட்ட விண்மீன்களும் சேர்ந்த பெருங்கூட்டமே நமது அண்டம். நம் முன்னோர் ஆகாயகங்கை என அழைத்த வெண்ணிறப் பட்டி, அவ்வண்டத்தின் உள்ளிருந்து அதன் விளிம்பை நோக்கும்போது நாம் காணுங் காட்சியாகும். நிலவில்லாத ஆனி, ஆடி இரவுகளில் எமது இறுப்பிட்டிக் கடற்கரையிலிருந்து அதனை நன்கு காணலாம். அண்டம் தட்டுப்போன்ற வடிவினது. அதன் நடுப்பகுதியிலிருந்து கைகள் சுருள் சுருளாக விரிகின்றன. அது முழுவதும் சுழல்கின்றது. சூரியன் செக்கனுக்கு ஏறக்குறைய 220 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியும் ஒரு சுற்றை முடிக்க இருபது கோடி ஆண்டுகளுக்கு மேற் செல்லும். விண்மீன்களுக்கு இடையேயுள்ள வெளி வெறுஞ் சூனியமன்று. மிக மெல்லிய வாயுவும் நுண்ணிய தூசியும் அங்கே உண்டு.

1940ஆம் ஆண்டுகளில் விண்மீன்களினின்றும் வெளிவரும் ஒளியைப் பற்றிச் சந்திரசேகர் செய்த கணிப்பொன்று, வெப்பமிகுந்த விண்மீனின் விளிம்பிலிருந்து வரும் ஒளி முனைவாக்கம் பெற்றிருக்கும் எனக் கூறிற்று. அதாவது அவ்வொளியின் அதிர்வு எல்லாப் பக்கமும் சமமாக இராது ஒரு திசையிலே கூடுதலாக இருக்கும். இதனைச் சோதிக்கப் புறப்பட்டவர்களுள் யேர்க்ஸ் ஆய்வகத்து ஹில்ற்னர் ஒருவர். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களை அவர் நோக்கினார். முனைவாக்கம் தோன்றியது, ஆயின் மறைப்பு நிகழும்போதும் நிகழாதபோதும் அது ஒரே அளவாக இருந்தது. ஆகவே அது விண்மீனிலிருந்து வந்ததன்று, இடைவெளியிலே உண்டானது என்பது தெரிந்தது. ஹில்ற்னரும், ஹோல் என்ற மற்றோர் அறிஞரும் 1949இல் இதனைத் தனித்தனியே வெளியிட்டனர். இடைவெளித் தூசியின் நீண்ட மணிகளை ஒரு காந்தப்புலம் அணிவகுத்து நிறுத்துவதனால் இது நிகழ்கின்றது என டேவிசும் கிறீன்ஸ்ரைனும் 1951இல் விளக்கினர். அதே ஆண்டில் யேர்க்ஸ் ஆய்வகத்து மோர்கன் குழுவினர், ஒளிமிக்க விண்மீன்களைக் கொண்டு நமது அண்டத்தின் சுருட்கைகளைக் கண்டு வரைந்தனர். காந்தமும் சுருட்கையும் இவ்வாறு சந்திரசேகரின் பக்கத்து அறைகளிலேயே வெளிப்பட்டன.

பேர்மியுடன் கூட்டாய்வு

அணுவாராய்ச்சியில் ஒப்பற்ற இத்தாலிய அறிஞர் என்றிக்கோ பேர்மி அக்காலத்தில் சிக்காகோவில் இருந்தார். விண்ணிலிருந்து பூமியை வந்து தாக்கும் அண்டக்கதிர்களுக்கு வேகம் ஊட்டுவது இடைவெளிக் காந்தமே என 1949இல் அவர் கூறியிருந்தார். 1952ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இருவரும் வாரந்தோறும் சந்தித்து இப்பொருளைப் பற்றிக் கலந்துரையாடினர். அதன் பயனாக 1953இல் இரு கட்டுரைகள் வெளிவந்தன. சுருட்கைகளின் காந்தப்புலம் பற்றிய கட்டுரை அவற்றுள் ஒன்று.

எவரும் சென்று தொடமுடியாத வெளியிலுள்ள காந்தத்தை எவ்வாறு அளப்பது? அவர்கள் கையாண்ட வழி எளிமையானது. நங்கூரமிட்டு நிறுத்திய வள்ளம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். கயிறு விறைப்பாக இருப்பின் அலை அதனைச் சிறிதே அசைக்கும். தளர்ந்திருப்பின் பாம்புபோல் நெளியும். அலையின் வலிமை தெரிந்தால், கயிற்றின் நெளிவைக் கண்டு விறைப்பை மதிப்பிடலாம் அன்றோ? அண்டத்தின் வாயுவிலே காந்தக் கோடுகள் அக்கயிறு போல்வன. வாயுவின் கொந்தளிப்பு அலை போல்வது. முனைவாக்கத் திசைகள் சராசரி ஏறக்குறைய 10 பாகை அளவிற் சிதறியிருந்தன. அதுவே நெளிவின் அளவு. கொந்தளிப்பின் வேகம் செக்கனுக்கு 5 கிலோமீற்றர் எனக் கொண்டு கணித்தபோது, காந்தப்புலம் ஒரு கவுசின் பத்துலட்சத்தில் 7.2 பங்கு என வந்தது.

இவ்வளவில் அவர்கள் அமையவில்லை. இரண்டாவது வழியாலும் அளந்தனர். சுருட்கை தன் ஈர்ப்பினால் உள்ளே ஒடுங்கப் பார்க்கும். வாயுவின் அமுக்கமும் காந்தத்தின் அமுக்கமும் சேர்ந்து அதனைத் தாங்கவேண்டும். வாயு தாங்குவது போக எஞ்சியதைக் காந்தமே தாங்குகிறது எனக் கணித்தால், பத்துலட்சத்தில் 6 பங்கு என வரும். தொடர்பற்ற இரு வழிகளும் ஏறக்குறைய ஒரே விடையைத் தந்தன. வட இலங்கையில் திசையறி கருவியின் ஊசியைத் திருப்பும் பூமியின் காந்தம் ஏறக்குறைய 0.4 கவுஸ். அண்டத்தின் காந்தம் அதில் ஐம்பதினாயிரத்தில் ஒரு பங்குமில்லை! எனினும் அத்துணை மெல்லிய காந்தம், பல நூறு ஒளியாண்டு அகலமுள்ள சுருட்கையை ஒடுங்காது தாங்குகின்றது. பின்வந்த வானொலித் தொலைகாட்டிகள் பல சுருள் அண்டங்களிற் கண்ட காந்தமும் பத்துலட்சத்தில் பத்துப் பங்கு என்னும் அளவினதே. அக்காந்தக் கோடுகள் பெரும்பாலும் சுருட்கைகளை ஒட்டியே செல்கின்றன என்பதும் புலனாயிற்று.

பேர்மி 1954 நவம்பரிற் காலமானார். கூட்டாய்வு நின்றுவிட்டது. சந்திரசேகர் தனியே தொடர்ந்தார்.

காந்தம் செய்வதும் செய்யாததும்

தாம் கண்ட பொருளுக்கு எல்லா ஆற்றலையும் ஏற்றிக் கூறுவது மனித இயல்பு. சந்திரசேகர் அவ்வாறு செய்யவில்லை. பரந்த வாயு தன் ஈர்ப்பினால் உடைந்து திரள்வதற்கு ஜீன்ஸ் என்ற அறிஞர் வகுத்த நியதி ஒன்று உண்டு. வாயு சீராகச் சுழன்றாலும், சீரான காந்தம் அதனூடே சென்றாலும், இரண்டும் ஒருங்கே இருந்தாலும், அந்நியதி பொதுவாக மாறாது என்று 1954இல் அவர் நிறுவினார். காந்தம் எதனைச் செய்யாது என்பதையும் கணக்கிட்டுச் சொன்னவர் அவர்.

காந்தம் எதனைச் செய்யும் என்பதற்கு அவர் கண்ட விடை வியப்புக்குரியது. அண்டத்திலே உட்பகுதி விரைவாகவும் வெளிப்பகுதி தாமதமாகவும் சுற்றி முடிக்கின்றன. காந்தமில்லாவிடின் இத்தகைய சுழற்சி குழம்பாது நிலைத்து நிற்கும். மெல்லிய காந்தம் ஒன்று குறுக்கே சென்றால் அந்நிலை குலைந்துவிடும் என 1960இல் சந்திரசேகர் காட்டினார். சோவியத் நாட்டு வெலிகோவ் முந்திய ஆண்டிலேயே தனியாக இதனைக் கண்டிருந்தார்.

காரணத்தை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். உள்வட்டத்தில் விரைந்து சுற்றும் ஒருவனையும், வெளிவட்டத்தில் மெல்லச் சுற்றும் ஒருவனையும் இழுபடும் கயிற்றினால் இணைத்துவிட்டோமாயின், முன்னே ஓடும் உள்வட்டத்தானைக் கயிறு பின்னே இழுக்கும். வேகமிழந்த அவன் மேலும் உள்ளே விழுவான். பின்தங்கிய வெளிவட்டத்தானைக் கயிறு முன்னே இழுக்கும். அவன் மேலும் வெளியே செல்வான். இடைவெளி கூடக் கூட இழுவையும் கூடும். காந்தக் கோடு வாயுவினுள் அக்கயிற்றின் வேலையைச் செய்கின்றது. இவ்வாறு சுழற்சியின் வேகம் உள்ளிருந்து வெளியே கைமாறப்பெற்று, வாயு கொந்தளிக்கின்றது. கயிறு எவ்வளவு மெல்லியதாயினும் இது நிகழும் என்பதே இதன் புதுமை.

1961இல் வெளிவந்த அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலில் இம்முடிவையும் அமைத்துவிட்டு, தம் வழக்கப்படி சந்திரசேகர் வேறு துறைக்குச் சென்றார். நூலைப் பலர் போற்றினர். இப்பகுதியின் பொருளை வானியலார் பெரும்பாலோர் கவனிக்கவில்லை. முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1991இல் பல்பசும் ஹோலியும் அதனை மீண்டும் கண்டெடுத்தனர். கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுகள் உள்ளே விழுவதற்கு இதுவே காரணமாகலாம் எனக் காட்டினர். இவ்விருவருக்கும் 2013இல் ஷோ பரிசு கிடைத்தது. செல்வுட், பல்பஸ் இருவரும் 1999இல் இதே கொள்கையைச் சுருள் அண்டங்களின் வெளிவிளிம்புக்குப் பொருத்தினர். விண்மீன்கள் அருகிய அவ்விடத்திலும் வாயு செக்கனுக்கு 6 கிலோமீற்றர் அளவிற் கொந்தளிப்பதற்கு இக்காந்த இழுவை காரணமாகலாம் என்பது அவர்கள் முடிவு.

சுழற்சிப் புதிர்

1970இல் வேரா றூபின் அம்மையாரும் கென்ற் போர்ட்டும் அந்திரொமிடா அண்டத்தின் சுழற்சியை அளந்தனர். சூரியனைச் சுற்றுங் கோள்களிற் புதன் செக்கனுக்கு 47 கிலோமீற்றரும், நெடுந்தூரத்து நெப்ரியூன் 5 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடவும் ஓடுகின்றன. அண்டத்தின் வெளிப்பகுதியும் அவ்வாறே வேகங் குறையவேண்டும், ஆயின் குறையவில்லை. காணாத கரும்பொருளின் ஈர்ப்பே காரணம் என வானியலார் பலர் கொண்டனர். 1992இல் ஸ்பானிய அறிஞர் பத்தனேர் குழுவினர், வெளிப்பகுதி வாயுவைக் காந்தமே இழுத்துப் பிடிக்கின்றது எனலாமே என்று கூறினர்.

சந்திரசேகர் இவ்வழக்கில் இறங்கவில்லை. எனினும் அவரும் பேர்மியும் விட்டுச்சென்ற அளவுகளே அதற்கு ஓர் உரைகல். அவர்கள் கண்ட காந்தம் வாயுவிலே எழுப்பக்கூடிய அலையின் வேகம் செக்கனுக்குச் சுமார் பத்துப் பதினைந்து கிலோமீற்றர். அண்டச் சுழற்சியோ 220. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப அமைவதால், காந்தத்தின் பங்கு சில நூறில் ஒன்று. அன்றியும் காந்தம் வாயுவைப் பற்றுமே தவிர விண்மீன்களைப் பற்றாது. அவ்வேகத்திலேயே விண்மீன்களும் ஓடுகின்றன. சோழகக் காற்று மணலை அள்ளிக் குவிக்கும். கரையிற் கிடக்கும் பாரிய கல்லை நகர்த்தாது. ஆகவே காந்தம் அண்டத்தைச் சுழற்றுவதன்று. சுழலும் அண்டத்தின் வாயுவைத் தாங்கியும் கலக்கியும் ஒழுங்குபடுத்தியும் நிற்பதே அதன் தொழில் என்பது இன்று வானியலார் பெரும்பாலோர் கருத்து. வெளிவிளிம்பு வாயுவிலே அதன் பங்கு எவ்வளவு என்னும் ஆராய்ச்சி இன்னும் நடைபெறுகின்றது. தூசியின் முனைவாக்கத்தைக் கொண்டு காந்தத்தை அளக்க அவர்கள் வகுத்த முறையும் சில திருத்தங்களுடன் இன்றும் வழக்கில் உள்ளது.

பத்திராதிபரும் பண்பாளரும்

1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் தலைசிறந்த வானியல் வெளியீட்டுக்குச் சந்திரசேகர் பத்திராதிபராக இருந்தார். சூரியனிலிருந்து இடையறாது ஒரு காற்று வீசுகின்றது என்னும் கட்டுரையை 1958இல் பார்க்கர் என்ற இளம் விஞ்ஞானி அனுப்பினார். பரிசீலித்த இருவரும் தள்ளிவிடும்படி கூறினர். சந்திரசேகருக்கும் அக்கருத்திற் பெருநம்பிக்கை இல்லை. ஆயின் கணக்கிலே பிழை எதுவும் காட்டப்படாமையால், கட்டுரையை அவர் அச்சிட்டார். நான்கு ஆண்டுகளில் விண்கலம் ஒன்று அக்காற்றை அளந்து உறுதிப்படுத்தியது. தம் இளமையிலே பட்ட துன்பத்தை இன்னோர் இளைஞன் படாதவாறு காத்தவர் என்று இச்செயலை நாம் கொள்ளலாம்.

1968இல் இந்திய அரசின் பத்ம விபூஷண் விருதும், 1983இல் வில்லியம் பௌலருடன் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தன. இலண்டன் சபையிலே சிரிப்புக்கிடமான முடிவு ஸ்ரொக்கோம் வரை செல்ல நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இறுதிக் காலத்திலும் அவர் ஓயவில்லை. நியூற்றனின் பெருநூலைப் பொது வாசகருக்காக விளக்கி எழுதிய நூல் 1995இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஓகஸ்ற் 21ஆந் திகதி சிக்காகோவில் அவர் இறையடி சேர்ந்தார். 1999 யூலையில் விண்ணில் ஏவப்பெற்ற எக்ஸ்-கதிர்த் தொலைகாட்டிக்குச் சந்திரா எனப் பெயரிட்டு அவரை உலகம் கௌரவித்தது.

இவ்வாழ்க்கையிலிருந்து எமது இளைஞர்கள் கற்கவேண்டியவை இரண்டு என்போம். செய்யும் வேலையின் பயன் உடனே அங்கீகரிக்கப்படவில்லை என்று சோர்ந்துவிடலாகாது என்பது ஒன்று. வெண்குறுமீனின் எல்லையும் காந்தத்தின் இழுவையும் பல பத்தாண்டுகள் காத்திருந்தே ஏற்கப்பட்டன. காத்திருந்த காலத்தில் அவர் வாதாடவில்லை, அடுத்த நூலை எழுதினார். அறிந்த அளவைக் கடந்து எதனையும் கூறலாகாது என்பது மற்றொன்று. பலரும் பெரிதாகப் பேச விரும்பும் பொருளை எடுத்து, அது எவ்வளவு என்று இரு வழியால் அளந்து, அவ்வளவே சொன்னவர் அவர். பரீட்சைக்காக மட்டும் விஞ்ஞானம் படிப்பதை விடுத்து, இத்தகைய அறிஞர்களின் வரலாறுகளையும் நூல்களையும் எமது வாசிகசாலைகளிற் சேர்த்து வைத்து, மாணவர் மாலைதோறும் கூடிப் படிக்க வழிசெய்வோமாக. அதுவே அன்னாருக்கு நாம் செய்யத்தக்க உரிய நினைவாகும்.